திரையில் தெரியும் சொற்களை எழுதுவது யார்?

2020, 2021ஆம் ஆண்டுகளை நீங்கள் மறந்திருக்க முடியாது. கோவிட் நோய்க் காலம். ரிங்லெட்டிலோ தானா ராத்தாவிலோ அரைக் கிலோ சீனி வாங்கக் கடைக்குள் நுழைய வேண்டுமானாலும், வாசலில் ஒட்டியிருந்த கறுப்புக் கட்டப் படத்துக்கு நேராகக் கைப்பேசியைக் காட்டிவிட்டுத்தான் நுழைய வேண்டும். 'மைசெஜாத்ரா' என்று அந்தச் செயலிக்குப் பெயர். 2022 மே முதல் தேதியோடு அந்தக் கட்டாயம் நீங்கிவிட்டது. ஆனால் அப்போது ஒரு கடை வாசலில் நான் கண்ட காட்சி இன்னும் கண்ணை விட்டு நீங்கவில்லை.

முப்பது வருடம் கொழுந்துக் கூடை சுமந்த ஒரு பாட்டி. மகன் வாங்கிக் கொடுத்த கைப்பேசியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நிற்கிறார். பின்னால் வரிசை நீளுகிறது. பக்கத்தில் நின்ற பள்ளிக்கூடத்துப் பையனிடம், "ஐயா, இது என்னமோ கேக்குதுய்யா, என்னன்னு பாரு" என்கிறார். பையன் எட்டிப் பார்த்தான். திரையில் இருந்தது இரண்டே வரி. அவன் அதை வார்த்தைக்கு வார்த்தை மொழிபெயர்க்கவில்லை. "ஒண்ணுமில்ல பாட்டி, கேமராவத் தொறக்கலாமான்னு கேக்குது. கீழ இருக்கிறத அமுக்குங்க" என்றான். பாட்டி அமுக்கினார். வரிசை நகர்ந்தது.

அந்தப் பையன் செய்த வேலைக்கு மாதச் சம்பளம் கொடுக்க ஆள் இருக்கிறார்கள் என்று சொன்னால் நம்புவீர்களா? நம்பத்தான் வேண்டும். நான் அந்தச் சம்பளத்தில்தான் சாப்பிடுகிறேன். ரிங்லெட் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து, தாப்பா சாலையின் வளைவுகளில் வாந்தி எடுத்துக்கொண்டே மலையிறங்கிப் படிக்கப் போன எத்தனையோ பிள்ளைகளில் நானும் ஒருவன். இப்போது சைபர்ஜெயாவில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் 'டெக்னிக்கல் ரைட்டர்'. தமிழில் தொழில்நுட்ப எழுத்தாளர் எனலாம். எழுத்தாளர் என்றதும் என் பெரியம்மா, "கதை எழுதுறியா, பாட்டு எழுதுறியா?" என்று கேட்டார். இரண்டும் இல்லை. செயலி ஏதாவது கேட்கும்போது அது என்ன கேட்கிறது என்று உங்களுக்கு விளங்கும்படி எழுதுகிறேன்.

பெரட்டுக்கு நிற்பது போல

மென்பொருள் என்பது கைப்பேசியிலும் கணினியிலும் ஓடும் கட்டளைக் கோவை. அதை ஒருவர் தனியாக உட்கார்ந்து செய்து முடிப்பதில்லை. எட்டுப் பேர், ஒன்பது பேர் சேர்ந்த குழு ஒன்று செய்கிறது. என்ன செய்ய வேண்டும் என்று தீர்மானிப்பவர் ஒருவர். திரையின் தோற்றத்தை வரைபவர் ஒருவர். கட்டளை எழுதுகிற நிரலாளர்கள் நாலைந்து பேர். எங்கே உடைகிறது என்று தட்டித் தட்டிப் பார்க்கும் சோதனையாளர் ஒருவர். இவர்களோடு அதே மேசையில் உட்காருபவர்தான் எழுத்தாளர்.

காலையில் ஒன்பதரைக்கு எல்லோரும் எழுந்து நின்று, கால்மணி நேரத்துக்குள், நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்யப் போகிறேன், எதில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன் என்று ஆளுக்கு இரண்டு வாக்கியம் சொல்ல வேண்டும். முதல் நாள் அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் தாத்தா விடியற்காலைக் குளிரில் போய் நின்ற பெரட்டு அல்லவா இது! ஒரு வித்தியாசம் உண்டு. இங்கே தலைவரும் வரிசையில் நின்று தன் கணக்கைச் சொல்ல வேண்டும்.

அதன் பிறகு என் வேலை என்ன? திரையில் வரும் வாசகம், பொத்தான் மேல் இருக்கும் சொல், ஏதாவது தவறினால் வரும் எச்சரிக்கை, 'இதை எப்படிச் செய்வது' என்று சொல்லும் உதவிப் பக்கம், இந்த முறை என்னென்ன மாறியிருக்கிறது என்கிற அறிவிப்பு, எல்லாம் என் பொறுப்பு. ஆனால் உண்மையைச் சொன்னால், எழுதும் நேரத்தைவிடக் கேள்வி கேட்கும் நேரமே அதிகம். "இந்த மனிதருக்கு மின்னஞ்சல் முகவரி இல்லையென்றால் என்ன ஆகும்?" "பாதியில் லைன் போய்விட்டால் பணம் போனதா இல்லையா என்று அவருக்கு எப்படித் தெரியும்?" குழுவில் எல்லாருக்கும் எல்லாம் தெரியும். தெரியாதவரின் இடத்தில் நின்று கேட்பதற்கு ஓர் ஆள் தேவைப்படுகிறது.

இந்த ஆளை எப்போது கூப்பிடுவது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. தேயிலைக்காரர்களாகிய உங்களுக்கு இதை விளக்க அதிக நேரம் ஆகாது. முற்றிப்போன இலையைக் கொண்டுபோய்க் கொட்டினால், தொழிற்சாலையில் எவ்வளவு கவனமாக வாட்டி, உருட்டி, உலர்த்தி, சலித்தாலும் நல்ல தூள் கிடைக்குமா? மென்பொருளை முழுக்கச் செய்து முடித்துவிட்டு, "இதற்கு இரண்டு பக்கம் விளக்கம் எழுதிக் கொடு" என்று எழுத்தாளரிடம் தள்ளுவதும் அப்படித்தான். குழப்பமான பொருளுக்குத் தெளிவான விளக்கம் எழுத யாராலும் ஆகாது. கொழுந்து பறிக்கிற இடத்திலேயே அவர் நிற்க வேண்டும்.

எழுத வெட்கப்பட்டதால் திருந்திய கருவி

கணினிக்கு விளக்கக் கையேடு எழுதும் வேலை ஏறக்குறையக் கணினியின் வயதே ஆனது. அமெரிக்காவில் எக்கர்ட், மாக்லி என்ற இருவரின் நிறுவனம் 'பைனாக்' என்றொரு கணினியைச் செய்தது. அதை எப்படி இயக்குவது என்று 1949இல் ஜோசப் சாப்ளின் என்பவர் ஒரு கையேடு எழுதினார். கணினியைப் பயன்படுத்துவோருக்காக எழுதப்பட்ட முதல் கையேடு என்று அதைத்தான் சொல்கிறார்கள்.

எனக்கு அதைவிடப் பிடித்தது யூனிக்ஸ் கதை. இன்று உங்கள் கைப்பேசிக்குள் ஓடுகிறதே ஆண்ட்ராய்டு, ஐபோன், இவற்றின் அடித்தளமெல்லாம் யூனிக்ஸ் வழி வந்தவையே. பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் அதை உருவாக்கினார்கள். 1971 நவம்பரில் அதற்கு முதல் கையேடு வெளிவந்தது. அவர்களோடு இருந்த டக் மெக்கில்ராய், கையேட்டில் நல்ல எழுத்து இருக்க வேண்டும் என்பதில் பிடிவாதக்காரர். அவர் பின்னாளில் சொன்ன விஷயம் சுவையானது. ஒரு கருவியின் அசிங்கமான பகுதியை எழுத்தில் வைக்கும்போதுதான், 'இதைப் போய் அச்சில் போடுவதா?' என்ற கூச்சம் வருமாம். உடனே விளக்கத்தை விட்டுவிட்டுக் கருவியையே திருத்தப் போய்விடுவார்களாம். ஒவ்வொரு முறை கையேடு புதிதாக அச்சாகும் முன்பும் ஆய்வுக்கூடமே பரபரப்பாகத் திருத்த வேலையில் இறங்கிவிடுமாம்.

நடுவில் ஒரு காலம் வந்தது. கையேடு எழுதுபவர்களைத் தனி அறையில், தனி இலாகாவில் உட்கார வைத்தார்கள். செய்பவர் ஒரு பக்கம், எழுதுபவர் ஒரு பக்கம். கனத்த கையேடுகள் பெட்டி பெட்டியாக வந்தன; படித்தவர் யாரும் இல்லை. 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 17 மென்பொருள் வல்லுநர்கள் கூடி ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். தடித்தடியான ஆவணங்களைவிட ஓடுகிற மென்பொருளே முக்கியம் என்பது அதில் ஒரு கருத்து. ஆவணமே வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை. ஆனால் சில முதலாளிகள் அப்படித்தான் படித்துக்கொண்டார்கள். எழுத்தாளர்கள் சிலர் வீட்டுக்குப் போனார்கள். மற்ற இடங்களில் நல்லது நடந்தது. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை புதிதாக ஏதாவது வெளிவருகிற வேகத்தில், தனி அறையில் உட்கார்ந்து எழுதினால் எட்டிப் பிடிக்க முடியாது என்று கண்டு, எழுத்தாளரைக் குழுவுக்குள்ளேயே கொண்டுவந்து உட்கார வைத்தார்கள்.

ஐம்பத்து நான்கு

'ஒரு வாசகம் சரியில்லை என்றால் என்ன குடி முழுகிவிடும்?' என்று நீங்கள் கேட்கலாம். நானும் ஆரம்பத்தில் அப்படி நினைத்தவன்தான்.

1980களில் கனடாவின் அரசு நிறுவனம் ஒன்று, புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுக்கும் 'தெராக்-25' என்ற இயந்திரத்தைச் செய்தது. அது கணினியால் இயங்கியது. 1986 மார்ச்சில், டெக்சஸ் மாநிலம் டைலர் நகரில், அதை இயக்கிய பெண் ஓர் எழுத்தைத் தவறாக அழுத்திவிட்டு உடனே திருத்தினார். இயந்திரம் நின்றது. திரையில், 'கோளாறு 54' என்று மட்டும் வந்தது. கோளாறு 54 என்றால் என்ன? இயக்குபவரின் கையேட்டில் அதற்கு விளக்கம் இல்லை. அந்த இயந்திரம் ஒரு நாளைக்குப் பலமுறை இப்படி எண்ணைக் காட்டி நிற்பது வழக்கம். 'தொடர்க' என்ற பொத்தானை அழுத்தினால் ஓடும். அவரும் அழுத்தினார். உள்ளே படுத்திருந்த நோயாளிக்குத் தர வேண்டிய அளவைப்போலப் பல மடங்கு கதிர்வீச்சு பாய்ந்திருந்தது. சில மாதங்களில் அவர் இறந்துபோனார். அடுத்த மாதமே, அதே ஊரில், அதே எண், இன்னொரு நோயாளி. 1985 முதல் 1987 வரை இப்படி ஆறு விபத்துகள் என்று பின்னர் ஆராய்ந்தவர்கள் பதிவு செய்தார்கள்.

குற்றம் எண்ணில் மட்டும் இல்லை; உள்ளே கட்டளைகளிலேயே பிழை இருந்தது, தடுத்து நிறுத்தும் தனிப் பாதுகாப்புக் கருவியும் இல்லை. ஆனாலும், 'அளவு மிகுந்திருக்கலாம், தொடராதே, நோயாளியைப் பார்' என்று திரையில் ஒரு வரி இருந்திருந்தால் அந்தப் பெண்ணின் விரல் அந்தப் பொத்தானுக்குப் போயிருக்குமா?

தோட்டத்தில் களைக்கொல்லி அடித்த அம்மாக்களுக்கு இதை நான் சொல்லித் தர வேண்டியதில்லை. டின்னின் மேல் பொடி எழுத்தில் என்ன எழுதியிருந்தது என்று விளங்காமலே, மண்டை ஓட்டுப் படத்தை மட்டும் பார்த்துக்கொண்டு கலக்கியவர்கள் நம் வீட்டிலேயே இருக்கிறார்கள். 'பாராகுவாட்' என்ற களைக்கொல்லியை 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்து மலேசியாவில் முழுக்கத் தடை செய்துவிட்டார்கள். அதுவரை எத்தனை ஆண்டுகள், எத்தனை நகங்கள் கறுத்தன!

ஒரு சாய்கோட்டின் கதை

இனி என் சொந்தக் கதை. எங்கள் அம்மாவின் அடையாள அட்டையில், அவர் பெயருக்கும் தாத்தாவின் பெயருக்கும் நடுவில் 'ஏ', ஒரு சாய்கோடு, 'பி' என்று இருக்கும். அனாக் பெரெம்புவான், அதாவது 'மகள்' என்று பொருள். ஆண்களுக்கு 'ஏ', சாய்கோடு, 'எல்'. உங்கள் அட்டையிலும் அப்படித்தானே?

சில ஆண்டுகளுக்கு முன், அம்மாவுக்கு வர வேண்டிய ஒரு சிறு தொகைக்குச் செயலி வழியே பதிய வேண்டியிருந்தது. எந்த அலுவலகம் என்று சொல்ல மாட்டேன். பெயரைச் சாய்கோட்டோடு அடித்தால், 'செல்லாத எழுத்து' என்று சிவப்பில் வந்தது. எந்த எழுத்து செல்லாது என்று சொல்லவில்லை. சாய்கோட்டை எடுத்துவிட்டு அடித்தால் ஏற்றுக்கொண்டது. இரண்டு வாரம் கழித்து, வங்கிக் கணக்கில் உள்ள பெயரோடு ஒத்துப்போகவில்லை என்று திருப்பி அனுப்பியது. அம்மா மூன்று முறை தோட்டத்திலிருந்து பஸ் பிடித்துப் பட்டணத்துக்கு அலைந்தார். மூன்று நாள் சம்பளம் போயிற்று. கடைசியில் அலுத்துப்போய், "என் அப்பா பேரே செல்லாதுங்குதுப்பா" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் எனக்குச் சிரிக்க வரவில்லை.

பிறகு நான் இந்த வேலைக்கு வந்த இரண்டாம் வருடம், எங்கள் குழு ஒரு பதிவுப் பாரம் செய்துகொண்டிருந்தது. அதில் பெயருக்கு இரண்டு கட்டம்: முதற்பெயர், குடும்பப் பெயர். சாய்கோடு போட்டால் சிவப்பு எழுத்து. நிரலாளர் என்னிடம், "சாய்கோடு போடாதீர்கள், குடும்பப் பெயர் இல்லாதவர்கள் அப்பா பெயரைப் போடுங்கள் என்று கீழே ஒரு குறிப்பு எழுதிவிடுங்களேன்" என்றார். நல்லவர், வேலையில் கெட்டிக்காரர். நான் குறிப்பை எழுத உட்கார்ந்தேன். நாலு வரி ஆயிற்று. ஆறு வரி ஆயிற்று. மலாய்க்காரர்களுக்கு 'பின்', 'பிந்தி'. சீனர்களுக்குக் குடும்பப் பெயர் முன்னால். சரவாக்கில் பலருக்கு 'அனாக்'. மெக்கில்ராய் சொன்ன கூச்சம் எனக்கும் வந்துவிட்டது. மறுநாள் காலை நிற்கும்போது, "இந்தக் குறிப்பை நான் எழுத மாட்டேன். ஒரே கட்டமாக வையுங்கள், 'அடையாள அட்டையில் உள்ளபடி பெயர்' என்று போடுவோம், சாய்கோட்டை ஏற்றுக்கொள்ளச் செய்யுங்கள்" என்றேன். அம்மாவின் கதையையும் சொன்னேன். ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. அன்று மத்தியானத்துக்குள் மாற்றிவிட்டார்கள். நான் எழுதியது கடைசியில் நான்கே சொல்.

நான்கு சொல்லுக்கா சம்பளம் என்று கேட்காதீர்கள். அந்த நான்கு சொல் எந்தக் கையேட்டின் அறுபதாம் பக்கத்திலும் ஒளிந்துகொண்டில்லை என்பதே எனக்குப் பெருமை.

நம் பிள்ளைகளுக்கு இடம் உண்டா?

1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தோட்டத்தைத் தொடங்கினார். அந்தத் தலைமுறை முதற்கொண்டு இந்த மலையில் எழுதத் தெரிந்தவர் கிராணி ஒருவர்தான். கடிதம், மனு, பாரம் எல்லாவற்றுக்கும் அவரிடம்தான் போய் நிற்க வேண்டும். பிறகு நம் பிள்ளைகள் படித்தார்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளை அம்மாவுக்காக மலாய்ப் பாரத்தைப் படித்து, அவருக்கு விளங்கும் தமிழில் சொல்லி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் புள்ளி வைத்துக் கொடுப்பதைத் தோட்டத்தில் எல்லாரும் பார்த்திருக்கிறோம். அந்தப் பழக்கம் நம் பிள்ளைகளுக்குக் கூடவே பிறந்தது. நகரத்தில் வசதியாக வளர்ந்தவர்களுக்கு அது வர நாளாகும் என்று நான் அடித்துச் சொல்வேன்.

ஆனால் ஆசை காட்டி மோசம் செய்ய மாட்டேன். இந்த வேலைக்கு ஆங்கிலம் நன்றாக வேண்டும், மலாயும் கைகொடுக்கும். எஸ்.பி.எம். முடித்து மேலே ஒரு டிப்ளோமாவோ பட்டமோ இருந்தால்தான் நேர்முகத் தேர்வுக்கே கூப்பிடுவார்கள். கணினித் துறைதான் படித்திருக்க வேண்டும் என்பதில்லை. எனக்குத் தெரிந்தவர்களில் ஆசிரியர் வேலையை விட்டு வந்தவரும் உண்டு. குழுவில் எழுத்தாளருக்குத்தான் சேதி கடைசியாக வந்து சேரும். செலவைக் குறைக்க வேண்டும் என்று மேலிடம் நினைத்தால் முதலில் எண்ணுவதும் அவர் தலையைத்தான். 2022 நவம்பரில் 'சாட்ஜிபிடி' வந்த பிறகு, தானாக எழுதும் இயந்திரங்கள் ஒரு நொடியில் பத்துப் பக்கம் எழுதிக் கொட்டுகின்றன. நானும் அவற்றைப் பயன்படுத்துகிறேன். குறிப்பை எழுது என்றால் அது ஆறு வரிக் குறிப்பை அழகாக எழுதிவிடும். அந்தக் குறிப்பே தேவையா என்று காலையில் எழுந்து நின்று சண்டை பிடிக்கவும், யார் மூன்று முறை பஸ் ஏறி அலைந்தார் என்று சொல்லவும் ஓர் ஆள் வேண்டியிருக்கிறது. எத்தனை காலத்துக்கு என்று ஜோசியம் சொல்ல நான் வரவில்லை.

தமிழிலும் வேலை இருக்கிறது, குறைவுதான். கணினியில் தமிழ் என்றால் நம் நாட்டுக்காரர் முத்து நெடுமாறனைச் சொல்லாமல் முடியாது. 'முரசு அஞ்சல்' அவர் உருவாக்கியது; கைப்பேசியில் தமிழில் எழுத வைத்த 'செல்லினம்' அவருடையது; ஆப்பிள் கணினியில் வரும் 'இணைமதி' எழுத்துரு அவர் வடிவமைத்தது. 2001 ஆகஸ்டில் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரிலேயே நடந்தது. எழுத்து வந்துவிட்டது. ஆனால் அந்த எழுத்தில், பாட்டிக்கு விளங்கும்படி ஒரு வரி எழுத ஆள் போதவில்லை. 'உள்நுழைக' என்று போட்டால் எங்கே நுழைவது என்று கேட்கிறார்கள். 'லாகின்' என்றால் புரிந்துகொள்கிறார்கள். எதைப் போடுவது? இதற்காக எங்கள் மேசையில் ஒரு முழு மத்தியானம் போயிருக்கிறது.

தமிழ்நாட்டில் தென்காசிக்கு அருகே மத்தளம்பாறை என்ற கிராமத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், 'ஸோஹோ' நிறுவனம் மென்பொருள் செய்கிறது. 1996இல் 'அட்வென்ட்நெட்' என்று தொடங்கி, 2009இல் பெயர் மாற்றிக்கொண்ட நிறுவனம் அது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகளைச் சேர்த்து, கட்டணம் வாங்காமல் உதவித்தொகையும் கொடுத்து, கணிதமும் ஆங்கிலமும் நிரல் எழுதவும் சொல்லிக்கொடுத்து வேலைக்கு எடுத்துக்கொள்கிறது. வயலுக்கு நடுவில் உட்கார்ந்து உலகத்துக்கே மென்பொருள் செய்ய முடியும் என்றால், வருங்காலத்தில் பிரிஞ்சாங்கில் ஒரு மாடி வீட்டிலும் முடியாதா என்ன? லைன் மட்டும் ஒழுங்காகக் கிடைக்க வேண்டும். மழைக்காலத்தில் நம் மலையில் அது படும் பாடு உங்களுக்குத் தெரியும்.

பழகிப் பார்க்க விரும்பும் பிள்ளைகளுக்குக் 'கூகிள்' நிறுவனம் 2020 முதல் தொழில்நுட்ப எழுத்துக்கான பாடத்தை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. ஆங்கிலத்தில்தான். அதற்கும் முன்னால் வீட்டிலேயே செய்யக்கூடிய ஒன்று உண்டு. இந்தப் பள்ளி விடுமுறையில் உங்கள் மகளையோ மகனையோ, வெளியூரில் இருக்கும் அண்ணனுக்கு வீடியோ கால் செய்வது எப்படி என்று ஒரு தாளில், பெரிய எழுத்தில் எழுதச் சொல்லுங்கள். தாளைப் பாட்டியின் கையிலோ தாத்தாவின் கையிலோ கொடுக்கட்டும். எழுதிய பிள்ளை பக்கத்தில் உட்காரலாம், வாயைத் திறக்கக் கூடாது. விரலும் நீட்டக் கூடாது. இதுதான் கஷ்டம். பாட்டி எந்த வரியில் நின்று நிமிர்ந்து பார்க்கிறாரோ, அந்த வரியை அடித்துவிட்டு மறுபடி எழுதட்டும். எங்கள் வீட்டில் அக்காள் மகள் எழுதிய தாள் நான்காம் முறையில் தேறியது. சமையலறைக் கதவின் பின்னால் இன்னும் ஒட்டியிருக்கிறது.